அணைத்து வைத்த அறிவிப்பும் என் பத்து மாத நிம்மதியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிரவுசர் அப்டேட் தொல்லை தாங்க முடியவில்லை. ஒரேயடியாக நிறுத்தி வைத்துவிட்டேன், இப்போது நிம்மதி" என்று புதுச்சேரி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். அந்த நிம்மதியை நானும் பத்து மாதம் அனுபவித்திருக்கிறேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவர் விலாசம் தெரியாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் தவறிய பிறகு ஏழு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், எல்லாம் உண்டு. நாலு சிஸ்டம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கே வாசலில் நிற்பார்கள். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் நெல்லிக்குப்பம், ரெட்டிச்சாவடி வரைக்கும் இருந்து பிள்ளைகள் வருவார்கள். கடல் பக்கம் என்பதால் உப்புக்காற்றில் கீபோர்டு ஒரு வருஷம்கூடத் தாங்குவதில்லை. அந்தச் செலவே பெரிய செலவு, அது வேறு கதை.

நாலு சிஸ்டத்திலும் முதலில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2020 ஜனவரியிலேயே மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசரும் கையை விரித்துவிட்டது. 109-ம் பதிப்போடு சரி, இனி விண்டோஸ் 7-க்குப் புதுசு வராது என்று மேலே ஒரு பட்டை நின்றது. புது மெஷின் நாலு வாங்க எனக்கு வழியில்லை. அப்போதுதான் பண்ருட்டித் தம்பி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு கூட, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்ததாம். லினக்ஸ் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருள், அதில் பல வகை உண்டு. கூடப் படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, இவர் மட்டும் அதிலேயே கிடந்திருக்கிறார். கொஞ்சம் தெம்பாக இருந்த இரண்டு மெஷினில் உபுண்டு 22.04, மிகப் பழசான இரண்டில் லினக்ஸ் மின்ட் என்று போட்டுக்கொடுத்தார். செத்துப்போன மெஷின் எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

தொல்லை ஒரு மாதம் கழித்து ஆரம்பித்தது. உபுண்டு மெஷினில் திரையின் மேல் பக்கம் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். பயர்பாக்ஸ் பிரவுசருக்கு அப்டேட் காத்திருக்கிறது, மூடிவிடுங்கள், இன்னும் 13 நாள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். அடுத்த நாள் 12 நாள். விண்ணப்பம் போட வந்த ஒரு பையன், "அக்கா, உங்க நெட்டுக்கு வேலிடிட்டி முடியப்போவுது, ரீசார்ஜ் பண்ணலையா?" என்று கேட்டான். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ இலவச காலம் முடிகிறது, அப்புறம் பணம் கேட்பார்கள் என்று.

விஷயம் அதுவல்ல. உபுண்டுவில் பயர்பாக்ஸ் ஸ்நாப் என்கிற பொட்டலமாக வருகிறது. அந்த ஸ்நாப் நாளுக்கு நாலு தடவை புதுசு வந்திருக்கிறதா என்று தானாகப் போய்ப் பார்க்கும். வந்திருந்தாலும், பயர்பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை மாற்றாது. 14 நாள் கெடு கொடுத்துக் காத்திருக்கும், அதற்குப் பிறகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாற்றிவிடும். கடையில் நான் பிரவுசரை மூடுவதே இல்லை. ராத்திரி ஷட்டரை இறக்கும்போது மெஷினைத் தூங்க வைத்துவிட்டுப் போவேன், காலையில் விட்ட இடத்திலேயே திறந்து நிற்கும். பிறகு அது எப்போது மாற்றும்? கெடு குறையக் குறைய அது கேட்டுக்கொண்டே இருந்தது, நான் பெட்டியை மூடிக்கொண்டே இருந்தேன்.

மின்ட் மெஷினில் இந்தப் பெட்டியே வராது. அதைத்தான் நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தேன். அதில் பயர்பாக்ஸ் ஸ்நாப்பாக இல்லை, மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து அப்டேட் மேனேஜர் வழியாக வருகிறது. "அக்காவுக்குச் சிரமம் வேண்டாம்" என்று தம்பி அதில் தானியங்கி என்பதை டிக் பண்ணிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்குப் பூட்டு மாற்ற வந்த ஆள் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்நாப், உள்ளே ஆள் இருக்கிறது என்று வாசலிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மின்ட்டின் தானியங்கி கூப்பிடவே கூப்பிடாது. ஆள் உள்ளே இருக்கும்போதே பூட்டை மாற்றிவிட்டுப் போய்விடும். அடுத்த அறையைத் திறக்கப் போகும்போதுதான் சாவி சேராது.

சாவி சேராத நாள் 2024 மே மாதத்தில் வந்தது. ஒரு தேர்வுக்கு அன்றுதான் கடைசி நாள். நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி, சாயங்காலம் ஆறரைக்கு வந்து உட்கார்ந்தாள். அப்பா வெளியே டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். பெயர், சாதிச் சான்று எண், மதிப்பெண், போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றி முடித்துப் பணம் கட்டும் பொத்தானை அழுத்தினாள். பணம் கட்டும் பக்கம் புது டேபில் திறக்க வேண்டும். திறந்ததில் பேங்க் பக்கம் இல்லை. பயர்பாக்ஸ் பின்னணியில் அப்டேட் ஆகிவிட்டது, தொடர மறுபடி தொடங்க வேண்டும் என்று இரண்டு வரியும் ஒரே ஒரு பொத்தானும் நின்றன. வேறு டேப் திறந்தாலும் அதே பக்கம். அந்தப் பொத்தானை விட்டால் வேறு கதியில்லை. அழுத்தினேன். பிரவுசர் மூடித் திறந்து பழைய டேப்களை எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் விண்ணப்பத் தளம் அவளை வெளியே தள்ளிவிட்டிருந்தது. மறுபடி லாகின், மறுபடி ஓடிபி. அந்த ஓடிபி வருவதற்குள் அவள் கை நடுங்கியதைப் பார்த்து எனக்கும் நடுக்கம் வந்துவிட்டது. ஒன்பதே காலுக்குத்தான் பணம் கட்டிய ரசீது கைக்கு வந்தது. அவளிடம் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாளே தம்பியைக் கூப்பிட்டுக் கத்தினேன். "இனிமே இது என் கடையில அப்டேட்டே ஆகக்கூடாது, நிறுத்து." அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. மின்ட்டில் பயர்பாக்ஸை அப்டேட் மேனேஜரின் பிளாக்லிஸ்டில், அதாவது புதுப்பிக்கக்கூடாதவை பட்டியலில், போட்டார். உபுண்டுவில் ஸ்நாப்பை நிறுத்தி வைக்கும் கட்டளையைக் கொடுத்தார், கால அளவு எதுவும் குறிக்காமல். அன்றிலிருந்து எந்தப் பெட்டியும் வரவில்லை. புதுச்சேரி வாசகர் எழுதிய அதே நிம்மதி.

2025 மார்ச் நடுவில் ஒரு நாள், பயர்பாக்ஸில் தம்பி போட்டு வைத்திருந்த விளம்பரத் தடுப்பான் வேலை செய்யாமல் போனது. ஒரு மெஷினில் மட்டும் இல்லை, பயர்பாக்ஸ் இருந்த நாலிலும். கெட்டுப்போயிருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். காரணம் பின்னால்தான் தெரிந்தது. விளம்பரத் தடுப்பான் மாதிரி பயர்பாக்ஸில் சேர்க்கும் கூடுதல் நீட்சிகள் அசல்தானா என்று சரிபார்க்க, பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா வைத்திருந்த ஒரு மூலச் சான்றிதழுக்கு 2025 மார்ச் 14-ம் தேதியோடு ஆயுள் முடிந்துவிட்டது. 128-ம் பதிப்புக்கோ அதற்கு மேலேயோ போனவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை, புதுச் சான்றிதழ் அதிலேயே வந்துவிட்டது. பழைய பதிப்பில் நின்றவர்களுக்கு நீட்சிகள் முடங்கும் என்று மொசில்லா முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? எந்த அறிவிப்பும் வரவேண்டாம் என்று சொன்னதே நான்தானே.

விளம்பரத் தடுப்பான் போனதும் விளம்பரம் எல்லாம் வந்து குவிந்தது. பேத்திக்குப் பொருத்தம் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் ஏதோ ஜாதகத் தளத்தைத் திறந்தார். மேலே தொடர "அனுமதி" என்பதை அழுத்தவும் என்று கேட்டதாம், அழுத்தியிருக்கிறார். அவர் பேரில் தப்பே இல்லை, நாமெல்லாம் அழுத்திப் பழகிய கைகள். மறுநாள் காலை அந்த மெஷினில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. ஆரஞ்சு நிறத்தில் பயர்பாக்ஸ் மாதிரியே ஒரு படம். உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, ஆபத்து, உடனே அப்டேட் செய்யவும்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குற்ற உணர்ச்சி. அடடா, பத்து மாசமாகக் கண்டுகொள்ளாமல் விட்டோமே, அதுவாகவே வந்து கேட்கிறதே என்று. நிஜமாகவே அது பழசுதானே! அந்த அறிவிப்பு சொன்ன ஒரே உண்மை அதுதான். அழுத்தினேன். ஒரு கோப்பு இறங்கியது, பெயர் இஎக்ஸ்இ என்று முடிந்தது. இரண்டு தடவை தட்டினேன். இதைத் திறக்க என்னிடம் எந்தச் செயலியும் இல்லை என்று மின்ட் சொல்லிவிட்டது. அது விண்டோஸுக்குச் செய்த விஷம், லினக்ஸில் அதற்கு வேலையில்லை. அதே மெஷினில் பழைய விண்டோஸ் இருந்திருந்தால் அன்று என் கடையில் யார் யாருடைய ஆதார் நகல் ஸ்கேன் இருந்ததோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல நேரம் அக்கா, கோப்பா வந்துச்சு. இப்பல்லாம் இந்த வரியைக் காப்பி பண்ணி டெர்மினல்ல, அதான் கட்டளை அடிக்கிற ஜன்னல்ல, ஒட்டுங்கன்னு சொல்ற ஏமாத்து வேலையும் வந்திருக்கு. அதுக்கு விண்டோஸ், லினக்ஸ்னு பேதமில்ல." அப்புறம் இன்னொன்றும் சொன்னார். 2023 செப்டம்பரில் வெப்பி என்கிற பட வகையைத் திறக்கும் நிரலில் ஓட்டை கண்டுபிடித்தார்களாம். குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் அதே நிரல்தான். அதற்கென்றே செய்த ஒரு படம் வலைப்பக்கத்தில் வந்தாலே போதும், அதன் வழியாக உள்ளே நுழைய முடியும். கண்டுபிடிக்கும் முன்பே யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். கூகுள் 11-ம் தேதி திருத்தம் விட்டது, மொசில்லா மறுநாள் விட்டது. "லினக்ஸ்ல வைரஸ் வராதுன்னு சொல்லிட்டிருந்தீங்களே அக்கா, அந்தப் படத்துக்கு அது தெரியாது" என்றார். கோபமாகத்தான் இருந்தது, ஆனால் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கடையில் என்ன ஏற்பாடு என்று சொல்கிறேன். இதைத்தான் அந்தப் புதுச்சேரி வாசகர் படிக்க வேண்டும்.

குரோமும் பயர்பாக்ஸும் சில வாரங்களுக்கு ஒரு முறை புதுப் பதிப்பு விடுகின்றன, நடுவில் அவசரத் திருத்தங்கள் வேறு. ஆகவே அறிவிப்பு வரத்தான் செய்யும். அது யார் முன்னால், எத்தனை மணிக்கு வருகிறது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டேன். மின்ட்டில் வாடிக்கையாளர் உட்காருவதற்குத் தனிக் கணக்கு. அதில் தொடக்கச் செயலிகள் பட்டியலில் அப்டேட் மேனேஜரின் டிக்கை எடுத்தாயிற்று, அவர்கள் கண்ணில் அது படவே படாது. தானியங்கியையும் எடுத்தாயிற்று, பிளாக்லிஸ்டையும் காலி பண்ணியாயிற்று. ராத்திரி எட்டரைக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு என் கணக்கில் நுழைவேன். கீழே கேடயம் மாதிரி ஒரு ஐகான், புதுசு இருந்தால் அதில் ஒரு புள்ளி இருக்கும். நிறுவு என்று அழுத்திவிட்டுக் கல்லாவை எண்ண உட்காருவேன். எண்ணி முடிப்பதற்குள் அதுவும் முடிந்திருக்கும்.

உபுண்டுவில் ஸ்நாப் பார்க்கும் நேரத்தை ராத்திரி எட்டரையிலிருந்து ஒன்பதரை என்று தம்பி குறித்துக் கொடுத்தார். அதனால் பகலில் கெடு எண்ணும் பெட்டி வருவதில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம் பயர்பாக்ஸை நிஜமாகவே மூடுவது. மூடிய கையோடு திறந்துவிட்டால் பிரயோஜனமில்லை. பொறுமையில்லாத நாளில் டெர்மினலைத் திறந்து மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டுவேன். பயர்பாக்ஸை உடனே புதுப்பிக்கச் சொல்லும் சூடோ ஸ்நாப் ரெஃப்ரெஷ் பயர்பாக்ஸ் என்ற பழைய வரி வந்து நிற்கும், எண்டர். பாஸ்வேர்ட் கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. முதல் நாள் உப்புக்காற்று இந்தக் கீபோர்டையும் தின்றுவிட்டது என்றே நினைத்தேன். மின்ட்டில் அந்த இடத்தில் நட்சத்திரமாவது வரும்.

கடைசி நாள் நெரிசல் வாரத்தில் மட்டும் ஸ்நாப்பை நிறுத்தி வைப்பேன், ஆனால் 72 மணி நேரம் என்று குறித்து. நேரம் முடிந்ததும் தடை தானாக எடுபட்டுவிடும், நான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிரந்தரமாக என்று ஒரு தடவை கொடுத்துப் பட்டது போதும்.

குரோமில் ஒரு குழப்பம் உண்டு. லினக்ஸில் குரோம் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளாது. விண்டோஸில் பழகியவர்கள் "குரோம் பற்றி" என்ற பக்கத்துக்குப் போய்ப் பொத்தானைத் தேடுவார்கள், அங்கே பதிப்பு எண்தான் இருக்கும். குரோமை நிறுவும்போதே கூகுளின் களஞ்சியத்தையும், அதாவது மென்பொருள் இறங்கும் இடத்தையும், அது சிஸ்டத்தில் சேர்த்துவிடுகிறது. அதன் வழியாக, மற்றவற்றோடுதான் புதுசு வரும். உபுண்டு தானாகப் போட்டுக்கொள்ளும் பாதுகாப்புத் திருத்தங்களில் வழக்கமாகக் குரோம் சேராது, நாம்தான் அப்டேட்டரைத் திறந்து போட வேண்டும். ஐந்து மாதப் பழைய குரோமோடு "உபுண்டு தானா அப்டேட் ஆவுது" என்று சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர் ஒருவரை முதுநகரில் பார்த்தேன்.

போலி அறிவிப்புக்கு இரண்டு வேலை செய்தோம். பயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதியில், அனுமதிகள் என்ற இடத்தில் அறிவிப்புகள் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் வரும். என் பட்டியலில் பதினேழு தளம் இருந்தது, ஒன்றும் எனக்குத் தெரிந்த பெயரில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, புதிதாக யாரும் கேட்கக்கூடாது என்ற கட்டத்தையும் டிக் பண்ணினோம். குரோமிலும் தள அமைப்புகளுக்குள் இதே வசதி உண்டு. குரோம் மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் அணைத்தோம். இப்போது சந்தேகம் வந்தால் பிரவுசரை முழுசாக மூடிப் பார்ப்பேன். வலைத்தளம் அனுப்பிய பெட்டி என்றால் அதற்குப் பிறகு வராது, சிஸ்டம் அனுப்பியது என்றால் பிரவுசர் இல்லாமலும் வரும். வலைப்பக்கம் எதுவாவது "அப்டேட்" என்று கோப்பை இறக்கச் சொன்னால் அது எங்கள் கடையில் போலி. லினக்ஸில் அந்த வழியாக எனக்கு அப்டேட் வருவதே இல்லை.

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் லினக்ஸ் போட்டுக்கொடுக்கிறீர்கள், புண்ணியம். போட்டுவிட்டுக் கிளம்பும்போது எந்தப் பெட்டி எதற்கு வரும், யார் அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். "சிரமம் வேண்டாம்" என்று தானியங்கி டிக்கைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். அந்த டிக் என் கடையில் ஒரு பெண்ணை அழவிடப் பார்த்தது.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் என் வீட்டுக்காரர் கதை, உப்புக்காற்று எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். ராத்திரி எட்டரை ஏற்பாட்டை மட்டும் வெட்டாதீர்கள்.

நாலு மானிட்டரின் அடியிலும் நானே லேமினேஷன் பண்ணி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "மூலையில் எது வந்தாலும் அழுத்த வேண்டாம். அக்காவைக் கூப்பிடவும்." போன வாரம் ஒரு பையன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் பிரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்ற பெட்டி. போட்டேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.